புகை போட்ட வான்கோழி சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்து விறகைத் திருத்தும் வழி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வான்கோழிக்குப் புகை போட நினைக்கிறவருக்கு முதல் தடுமாற்றமே விறகுதான். அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றி கூறும் நாளுக்கென்று எழுதப்படும் குறிப்புகள் ஆப்பிள், செர்ரி, ஹிக்கரி, பீக்கன் என்று மரங்களைச் சொல்லும். சிவகங்கைச் சீமையில் அவை ஒன்றும் இல்லை. விறகுக் கடையில் கேட்டால் சீமைக்கருவேலத்தைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். நமக்கு மிக எளிதாகக் கிடைக்கும் இந்த விறகுதான் வான்கோழிக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது. ஆனால் சமைத்தது கெட்டுப்போனால் குற்றம் எப்போதும் மரத்தின் பெயரில் இருப்பதில்லை. பல குறைகள் விறகின் ஈரத்திலும் காற்று வழியிலும் இருக்கின்றன. அதனால் மரத்தை மாற்றுவதற்கு முன் குறையைப் பாருங்கள்.

கீழே வரும் அளவுகள், சுத்தம் செய்தபின் 4 கிலோ இருக்கும் பெட்டை வான்கோழிக்கும், பட்டறையில் 200 லிட்டர் இரும்பு டிரம்மில் செய்து வாங்கிய புகை அடுப்புக்கும் உரியவை. டிரம்மின் அடியில் திறந்து மூடும் காற்றுத் துவாரங்கள், மூடியில் புகைபோக்கி, கரிக்கூடைக்கும் கம்பி வலைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. சூட்டுக்கு 3 கிலோ கரி. புகைக்கு 300 கிராம் விறகு, அதாவது கைமுட்டி அளவில் மூன்று நான்கு துண்டுகள். உள்ளே 135 முதல் 160 டிகிரி செல்சியஸ். நேரம் மூன்று முதல் மூன்றரை மணி. சூடு கரியிலிருந்து வர வேண்டும், மணம் விறகிலிருந்து வர வேண்டும். இந்த இரண்டையும் ஒரே விறகிடம் கேட்கிற இடத்தில்தான் பல சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன. டிரம் ரசாயனம் வைத்திருந்ததாக இருக்கக் கூடாது. உள்பூச்சு முழுதும் எரித்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். கரிக்கூடைக்கு ஜி.ஐ. வலை வேண்டவே வேண்டாம், கங்கின் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையும்.

கறி கசக்கிறது, நாக்கு நுனி மரத்துப்போகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். கசப்பது புகையில் உள்ள தார். விறகு முழுதாக எரியாமல் புழுங்கினால் அந்தத் தார் ஆவியாக எழுந்து, குளிர்ந்த தோலின் மேல் படிகிறது. முதலில் தார் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பறவையை ஏற்றுவதற்கு முன், காய்ந்த, குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைப் புகைபோக்கிக்கு ஒரு சாண் மேலே ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் டிகாஷன் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டினால் அந்தப் புகையில் வான்கோழியை வைக்காதீர்கள். லேசான மஞ்சள் மட்டும் வந்தால் ஏற்றலாம். கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு: கெட்ட புகை வெள்ளையாக, கட்டியாக, புரண்டு வரும், நல்ல புகை மெல்லிசாக, வெயிலில் நீலம் காட்டும், சில நேரம் இருக்கிறதா என்றே தெரியாது. "புகையே வரலையே" என்று பதறி ஈர விறகை உள்ளே போடுவது நல்ல சமையலைக் கெடுக்கும் வழி.

தார் வருகிறது என்றால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும், இதே வரிசையில்.

விறகின் ஈரம் முதலில். பச்சை மரத்தில் இருக்கும் தண்ணீர் கொதித்து வெளியேறும் வரை மரத்தின் சூடு ஏறாது. அதுவரை வருவது நீராவி கலந்த கெட்ட புகை. காய்ந்த விறகில் 15 முதல் 20 சதவீத ஈரம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு கொய்யாத் துண்டைக் கையில் எடுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும். பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். அதன் அடியில் பச்சை நிறம் தெரியக் கூடாது, நகத்தால் கீறினால் ஈரம் கசியக் கூடாது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும்; "தொப்" என்றால் இன்னும் காயவில்லை. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசு போதும். அரைக் கிலோ வரும் துண்டு ஒன்றில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை அசையவில்லை என்றால் அந்த அடுக்கு முழுவதும் தயார். மணிக்கட்டு மொத்தமுள்ள கொய்யாக் கிளையை நான்கு அங்குல நீளத்தில் அறுத்து, இரண்டாகப் பிளந்து, பட்டை சீவி, காற்றோட்டமான கொட்டகையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால், மாசியில் வெட்டியது ஆனி ஆடியில் பக்குவமாகும். பட்டையோடு முழுக் கட்டையாக விட்டால் ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்கும். விறகைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடச் சொல்லும் குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். காய வைக்க நான்கு மாதம் பாடுபட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்ப நனைப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

அடுத்தது காற்று. சூடு கூடிவிட்டது என்று புகைபோக்கியை மூடுவார்கள். புகை உள்ளேயே சுற்றிப் பழசாகித் தோலில் படியும். புகைபோக்கி ஆரம்பம் முதல் கடைசி வரை முழுதாகத் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடித் துவாரத்தின் வேலை.

மூன்றாவது, கரி. நம் பக்கத்துக் கரி பெரும்பாலும் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுத்தது. மூட்டத்தில் வெந்த கரி சூட்டுக்கு அருமையானது. மரத்தில் இருந்த நெடி மூட்டத்திலேயே போய்விடுகிறது. ஆனால் மூட்டையின் நடுவே வேகாத துண்டுகள் கிடக்கும். உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கும், கனக்கும், ஒலி மந்தமாக வரும். அவற்றைப் பொறுக்கி எறியுங்கள். நன்றாக வெந்தது கையில் லேசாக இருக்கும், உடைந்த இடம் கறுத்து மின்னும், தட்டினால் கணீரென்று கேட்கும். பற்றவைத்த கரிமேல் வெள்ளைச் சாம்பல் படர இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குமுன் மூடியைப் போடாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த கரியின் வாடை கடைசி வரை போகாது. தேங்காய் நாரும் கொட்டாங்கச்சித் துண்டும் போதும்.

நான்காவதாகத்தான் அளவு. 4 கிலோ பறவைக்கு 300 கிராம் விறகு. அரைக் கிலோ தாண்டினால் எந்த மரமானாலும் கசப்புதான்.

ஏற்கெனவே கசந்துவிட்ட பறவையை முழுதாக வீணாக்க வேண்டாம். தார் தோலிலும் மேல் சதையிலும்தான் நிற்கும். தோலை உரித்து, மேலே ஒரு நூல் அளவு சீவி எடுத்துவிட்டு, உள் சதையைப் பிய்த்து மிளகு வறுவலுக்குப் பயன்படுத்துங்கள். குழம்பில் போட்டால் சரியாகிவிடும் என்று தோலோடு சேர்த்தால் குழம்பும் கசக்கும். எலும்பை ரசத்துக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

கசப்பு இல்லை, ஆனால் நெடி மூக்கை அடைக்கிறது; கறியின் ருசியே தெரியவில்லை

இது சீமைக்கருவேலத்தின் கையெழுத்து. அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் மாட்டுக்கறிக்குப் பயன்படும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். கொழுப்பும் கனமும் உள்ள மாட்டுக்கறி அந்த நெடியைத் தாங்கும். வான்கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தது, கொழுப்பு குறைந்தது, தனக்கென்று அழுத்தமான மணம் இல்லாதது. அதன் மேல் எந்தப் புகை ஏறினாலும் அதுவே முன்னால் நிற்கும்.

ஆகவே சீமைக்கருவேலத்தைக் கரியாக மட்டும் வையுங்கள். விறகாகச் சேர்க்க ஆசைப்பட்டால் மூன்று பங்கு கொய்யாவுக்கு ஒரு பங்கு, 75 கிராமுக்கு மேல் வேண்டாம், அதுவும் முதல் அரை மணிக்குள். கொய்யாதான் இந்த ஊரில் வான்கோழிக்கு முதல் மரம். புகை மென்மையாக, லேசான இனிப்போடு வரும். ஹவாய்த் தீவுகளில் இறைச்சிக்குப் புகை போட இதையே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். விறகுக் கடையில் கிடைக்காது. தோப்புக்காரர்கள் கவாத்து செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

புளி அடுத்த நிலை. மரம் அடர்த்தியானது, கங்கு நின்று எரியும், புகை கொய்யாவைவிட அழுத்தமானது. ஹிக்கரி கேட்கிற குறிப்புக்கு இதைப் பாதி, கொய்யாவைப் பாதி எடுக்கலாம். மெல்லிய மிலாறுக் குச்சிகள் வேண்டாம், அது குப்பென்று பிடித்து எரிந்துபோகும்; பிளந்த துண்டுதான் வேண்டும். மாமரத்துப் புகை லேசானது. ஆனால் மாம்பால் பட்டால் தோல் கொப்பளிக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் அதை எரிக்க வேண்டாம். மற்றவர்களும் பட்டையை முழுதும் சீவி, நன்கு காய்ந்ததை மட்டும் எடுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் முந்திரி விறகு அதே குடும்பம். அதன் கொட்டைத் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சமையல் புகைக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள். "கருவை" என்று கேட்டால் சீமைக்கருவேலம் வரும். நாட்டுக் கருவேலம் வேறு. மஞ்சள் பந்து போன்ற பூ, மணிமாலை கோத்தது போல விதைக்கு விதை இடுங்கிய காய். சீமைக்கருவேலத்தின் காய் மஞ்சளாக, இடுங்காமல் நீண்டிருக்கும். பிளந்த கட்டையைப் பார்த்துப் பிரிப்பது கடினம், மரம் நிற்கும்போதே பார்த்து வெட்டச் சொல்லுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பட்டையில் துவர்ப்பு அதிகம், அதைச் சீவாமல் எரிக்கக் கூடாது.

மரத்தை மாற்றியும் நெடி குறையவில்லை என்றால் மசாலாவைப் பாருங்கள். கல்பாசிக்கே மரமும் புகையும் கலந்த ஒரு மணம் இருக்கிறது. குழம்புக்குப் போடுகிற அதே அளவு கல்பாசியைப் புகைக்கறிக்கும் போட்டால் இரண்டும் சேர்ந்து கனத்துவிடும். பாதியாகக் குறைத்து, சோம்பையும் மிளகையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மருந்து வாடை, தைல வாடை, வார்னிஷ் வாடை

இங்கே ஈரமோ காற்றோ காரணம் இல்லை. வரக் கூடாத மரம் உள்ளே வந்துவிட்டது. தைலமரத் தோப்புகள் நிறைய இருப்பதால் யூகலிப்டஸ் கட்டை விறகுச் சுமையில் எளிதாகக் கலக்கும். அதன் எண்ணெய் கறியில் இருமல் மருந்து வாடை ஏற்றும். வேம்பு கசக்கும். சாமான் வரும் பைன் மரப் பெட்டிகளில் பிசின் இருக்கும், புகை கரிக்கும். பிளைவுட்டில் பசை.

செட்டிநாட்டுக்கென்றே உள்ள ஆபத்து பழைய தேக்கு. வீடுகளைப் பிரிக்கும்போது உடைந்த நிலைக்கால், சட்டம், விட்டத் துண்டுகள் மலிவாகவும் நன்கு காய்ந்தும் கிடைக்கும். பார்த்தால் அருமையான விறகு என்றே தோன்றும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவற்றுக்கு எண்ணெயும் வார்னிஷும் பெயிண்டும் கரையான் மருந்தும் பூசியிருப்பார்கள். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். இதை இழைத்து எடுத்தாலும் சாப்பாட்டுப் புகைக்குக் கொண்டுவராதீர்கள்.

அரளியும் எட்டியும் நஞ்சு. துண்டு விறகாக மட்டுமல்ல, பற்றவைக்கும் சுள்ளியாகவும், கறி குத்தும் குச்சியாகவும்கூட வேண்டாம். எருக்கு, கள்ளி போன்ற பால் வடியும் செடிகளுக்கும் இதுவே. எந்த மரம் என்று தெரியாத கட்டை வென்னீர் அடுப்புக்குப் போகட்டும். மருந்து வாடை ஏறிய வான்கோழியை மீட்க வழியில்லை. நஞ்சு மரம் எரிந்ததாகச் சந்தேகம் இருந்தாலும் அப்படியே கொட்டிவிடுங்கள்.

கருகிய மயிர் வாடை

விறகைக் குறை சொல்லாதீர்கள். கடையில் பறவையை வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கொடுக்கிறார்கள். வாட்டும்போது முழுதும் பொசுங்காத பூமயிர் தோலில் நிற்கும், மூன்று மணி நேரச் சூட்டில் அது வாடை விடும். கத்தி முனையால் சுரண்டி, வென்னீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். வாட்டுவதற்கு எதை எரித்தார்கள் என்றும் கேளுங்கள். டயர், பிளாஸ்டிக் என்றால் அந்தப் பறவையே வேண்டாம்.

புகை மணமே ஏறவில்லை

உளுத்த விறகு ஒரு காரணம். பழசானால் நல்லது என்று ஐந்தாறு வருடம் கிடந்த கட்டையை எடுத்தால், எடை இல்லாமல் தக்கை போல இருக்கும். குப்பென்று எரிந்து முடியும், மணம் தராது. துண்டு ஜுவாலையில் நின்று எரிந்தாலும் மணம் போய்விடும். அது கங்கின் ஓரத்தில் கனன்று எரிய வேண்டும். மூன்று துண்டுகளையும் கங்கின் உச்சியில் குவிக்காமல், பற்றாத கரிக்குள் பாதி புதைத்து இடைவெளி விட்டு வையுங்கள். நெருப்பு நகர நகர ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

புகை எப்போது வருகிறது என்பதும் முக்கியம். தோல் குளிர்ந்திருக்கும் முதல் ஒன்றரை மணியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். மேல்தோல் சூடாகிக் காய்ந்த பிறகு போடும் விறகால் பயன் குறைவு. பறவையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஏற்றுங்கள். ஆனால் தோலில் தண்ணீர் சொட்டக் கூடாது. முந்தின இரவே கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் பொடித்த கல் உப்பைத் தடவி, மூடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்தால் காலையில் தோல் காய்ந்து, தொட்டால் லேசாக ஒட்டும். அந்த ஒட்டும் பதம்தான் புகை பிடிக்கும் பதம். உப்பை நிறுத்துப் போடுங்கள். கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் மாறும். இஞ்சி பூண்டு, தேங்காய், தயிர் என்று கனமாக அரைத்துப் பூசினால் புகை அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். செட்டிநாட்டு மசாலாவை வறுத்துப் பொடித்து, கொஞ்சம் நல்லெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள்.

தோல் ரப்பர் போல இழுக்கிறது

விறகு மாற்றினால் தீராது. 110 டிகிரியில் மெதுவாக வைத்தால் வான்கோழித் தோல் முறுகாது, கொழுப்பு உருகாமல் அடியிலேயே தங்கும். முதல் ஒன்றரை மணி 135, புகை முடிந்தபின் அடித் துவாரத்தைத் திறந்து 160 வரை ஏற்றுங்கள். கடையில் சொல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள். "தோலோட, முழுசா" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உரித்த பறவைதான் கையில் என்றால் விறகை 150 கிராமாகப் பாதியாக்கி, நல்லெண்ணெய் தடவி, வாழையிலையை வாட்டி முதல் மணிக்குப் பிறகு மேலே போர்த்துங்கள். இல்லாவிட்டால் சதையின் மேல் பக்கம் காய்ந்து நாராகும்.

சூடு ஏறி ஏறி இறங்குகிறது. வெளியே கறுத்து உள்ளே வேகவில்லை

விறகை நம்பி சூடு உண்டாக்குவதால்தான். கரியின் மேல் வேலையைப் போடுங்கள். ஆடிக் காற்றில் டிரம் வெளியே நின்றால் அடித் துவாரம் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வளவுக்குள் வைத்து எரிக்காதீர்கள். நாலு பக்கமும் சுவர் இருக்கும் முற்றத்தில் காற்று சுழன்று சூட்டைக் குலைக்கும், கரிப்புகை பத்திகளுக்குள் தங்குவது உயிருக்கே ஆபத்து. பின்கட்டைத் தாண்டித் தோட்டத்தில் திறந்தவெளிதான் இடம். 6 கிலோவைத் தாண்டும் சேவலை முழுதாக வைக்காமல் முதுகெலும்பை வெட்டி எடுத்து விரித்து வையுங்கள். உள்சூடு 60 டிகிரியைத் தாண்ட நான்கு மணிக்கு மேல் ஆனால் கறி கெட இடம் உண்டு.

வெந்த பிறகும் சதை இளஞ்சிவப்பாக இருக்கிறது

புகையில் வரும் வாயு சதையின் நிறத்தைப் பிடித்து நிறுத்துவதால் மேல்பக்கம் சிவப்பு வளையம் விழும். அது வேகாததற்கு அடையாளம் இல்லை. கண்ணை நம்பாமல் குத்தும் வெப்பமானியை நம்புங்கள்: நெஞ்சின் தடித்த பகுதியில் 74 டிகிரி, தொடை மூட்டருகே எலும்பில் படாமல் 80. வீட்டுக் கொல்லையில் மேய்ந்து வளர்ந்த பறவையின் தொடைக்கு 80 ஆனபிறகும் இன்னும் அரை மணி தேவைப்படலாம்.

போன முறை நன்றாக வந்த அதே விறகு இந்த முறை கசக்கிறது

ஐப்பசி மழை பிடித்த பிறகு கேட்கும் புகார் இது. கோடையில் காய்ந்த கொய்யா, மழைக்காலத்து ஈரக்காற்றை மறுபடி இழுத்துக்கொள்கிறது. பூஞ்சணம் பிடித்த துண்டுகளைத் தூக்கி எறியுங்கள். மற்றவற்றைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, ஒருமுறை சமைத்து முடித்து அடித் துவாரம் மூடிய டிரம்மில், கங்கு முழுதும் அவிந்து கை பொறுக்கும் சூடு வந்தபின், கம்பி வலைமேல் பரப்பி இரவு முழுதும் விடுங்கள். காலையில் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் இறுக்கி மூடும் எவர்சில்வர் தூக்கில் போட்டு, தரையில் வைக்காமல் பரண்மேல் ஏற்றுங்கள். கேட்கவில்லை என்றால் இன்னொரு இரவு.